மூன்று காலத்துக் கடல், ஒரே டைம்லைனில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய குடும்ப வீடியோக்களை எடிட் பண்ணுகிற யார் கையிலும் ஒரு கடல் ஷாட் வந்து விழாமல் இருக்காது. கல்யாணம் முடிந்த ஜோடியோ, கல்ஃபில் இருந்து லீவுக்கு வந்த மகனோ, யாராக இருந்தாலும் முனைக்குக் கூட்டிப் போய் கடலைப் பின்னால் வைத்து ஒரு ஷாட் எடுத்திருப்பார்கள். சமீபத்தில் தக்கலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்குச் செய்த வேலையில் அப்படி மூன்று ஷாட்கள். விஎச்எஸ் கேசட்டில் கடலில் விவேகானந்தர் பாறை மட்டும் இருக்கிறது. மினி டிவி (DV) என்கிற சின்ன டிஜிட்டல் டேப்பில் பக்கத்திலேயே 133 அடி வள்ளுவர் சிலை. மொபைல் கிளிப்பில் இரண்டுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம். லேபிள் கிழிந்த கேசட்டுக்கு ஏறக்குறைய ஒரு காலம் குறிக்க இது போதும்: சிலை திறந்தது 2000 ஜனவரி 1, பாலம் திறந்தது 2024 டிசம்பர் 30.

"அண்ணே, மூணையும் ஒண்ணு போல ஆக்கித் தருவியளா? 4கேல இருந்தா நல்லாருக்கும்" என்று கேட்டார்கள். முடியாது, முடிந்தாலும் செய்யமாட்டேன் என்றேன். விஎச்எஸ்ஸில் படுக்கைவாட்டில் தெரிகிற விவரமே சுமார் 240 கோடுகள்தான், நிறத்துக்கு அதைவிடவும் ரொம்பக் குறைவு, அதனால்தான் சிவப்புப் பட்டின் நிறம் கரையைத் தாண்டி கழுத்து வரை வழிந்து நிற்கிறது. ஷார்ப்பன் போட்டால் புள்ளி இரைச்சல்தான் கூடும். ஏஐ வைத்துப் பெரிதாக்கும் மென்பொருள்கள் இன்னும் மோசம், இல்லாத புருவத்தையும் பல்லையும் தானாக வரைந்து, இறந்துபோன ஆச்சியின் முகத்தை வேறு யாரோ ஒருத்தி முகமாக்கிவிடும்.

வேறு வேறு வருஷத்து டேப் வேறு வேறாகத்தான் தெரியும், தெரியட்டும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு கேமராவில் எடுத்தது என்றால்தான் அச்சாகப் பொருத்த வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரே முகத்தில் இருந்து அதே முகத்துக்கு வெட்டுகிறோம். மண்டபத்தில் ஒரு கேமராவின் வைட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்கிற அளவு) ஹாலோஜன் விளக்குக்கு 3200 கெல்வினிலும் இன்னொன்றினுடையது வெயிலுக்கு 5600-லும் இருந்தால், ஒரு வெட்டில் மாப்பிள்ளை சாதாரணமாக இருப்பார், அடுத்த வெட்டில் மஞ்சள் காமாலை வந்தவராக நிற்பார். இதைச் சரிசெய்ய, வெள்ளை என்று எடுத்துக்கொள்ள நான் பிடிப்பது மாப்பிள்ளையின் வேட்டியை. அதிலும் வெளிச்சம் நேராக விழுகிற பக்கத்தைத் தொடாமல் மடிப்பு நிழலைத்தான் எடுப்பேன். பளீரென்று எரிந்துபோன வெள்ளையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சியில் முட்டி நிற்கும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதில் கண்டுபிடிக்கவே முடியாது. கடற்கரை ஷாட்டுக்கு அலை நுரை, இதே கணக்குதான். சூரிய உதய ஷாட்டில் மட்டும் இந்த வேலையே கூடாது, அந்தச் சிவப்பை எடுத்துவிட்டால் அங்கே பார்க்க என்ன மிச்சம்?

எல்லாரும் முதலில் கலரில் கை வைக்கிறார்கள். எனக்கு முதல் வேலை அசைவு. நம்மூர் டேப் எல்லாம் பால் (PAL) முறை, வினாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டு ஃபீல்டு, ஆக 50 அசைவுகள். மினி டிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், அதற்கு அடுத்து வந்த எச்டிவி (HDV) டேப்பில் மேல் ஃபீல்டு. இதை மாற்றிச் சொல்லிவிட்டால் நடக்கிற ஆள் முன்னும் பின்னும் உதறிக்கொண்டே போவார். டீஇன்டர்லேஸ் செய்யும்போது, அதாவது ஃபீல்டுகளை முழு ஃபிரேமாக மாற்றும்போது, பலர் 25 ஃபிரேமாகச் சுருக்கிவிடுகிறார்கள், பாதி அசைவு அங்கேயே போச்சு. நான் க்யூடிஜிஎம்சி (QTGMC) என்கிற டீஇன்டர்லேஸ் ஃபில்டர் போட்டு 50 முழு ஃபிரேமாக எடுத்துவைக்கிறேன், ஷாட்களை அடுக்குகிற டைம்லைனும் 50தான். மொபைல் கிளிப் பெரும்பாலும் 30 ஃபிரேம், அதுவும் நிலையாக இருக்காது, கூடும் குறையும், அப்படியே டைம்லைனில் போட்டால் கொஞ்ச நேரத்தில் வாயும் சத்தமும் விலகும். ஹேண்ட்பிரேக் என்கிற மென்பொருளில் ஒரே சீரான ஃபிரேமுக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன். அமெரிக்காவில் இருக்கிற மாமா கொண்டுவந்த என்டிஎஸ்சி (அந்த ஊர் வீடியோ முறை) டேப் வந்தால் அது தனித் தலைவலி, அதைப் பற்றி இன்னொரு நாள்.

அப்புறம் கறுப்பு. வெளிச்சத்தின் அளவைக் காட்டுகிற வேவ்ஃபார்மில் பார்த்தால் விஎச்எஸ்ஸின் கறுப்பு சாம்பலாக மேலே மிதக்கும், மொபைலின் கறுப்பு தரையில் ஒட்டியிருக்கும். விஎச்எஸ்ஸைக் கொஞ்சம் இறக்கி, மொபைலைக் கொஞ்சம் ஏற்றி, மொபைலில் நிறத்தையும் ஷார்ப்னஸையும் ஒரு பிடி குறைத்தால் பாதி வேலை முடிந்தது. நல்லதைக் கெட்டதை நோக்கி இறக்குவதா என்று கேட்பார்கள். ஆமாம், இறக்கத்தான் வேண்டும். கடலின் நீலத்தைப் பொருத்த நான் மெனக்கெடுவதே இல்லை, கடல் தினமும் ஒரே நிறத்திலா இருக்கிறது? ஆனால் ஒரே அம்மா மூன்று ஷாட்டிலும் மூன்று நிறமாக இருக்கக் கூடாது, நிறத்தை அளந்து காட்டுகிற வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கான கோட்டுப் பக்கம் மூன்றையும் கொண்டுவந்தால் போதும்.

4:3 படத்தை அகலத்துக்கு இழுத்துத் தரச் சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். கல்யாணப் பெண் குண்டாகிவிடுவாள். வெட்டி நிரப்பலாம் என்றால் 576 வரியில் 432தான் மிஞ்சும், நிற்கிறவர்களின் தலையும் போகும். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுத்தான் கொடுக்கிறேன்.

கேசட்டுகள் வந்த நிலையையும் சொல்ல வேண்டும். கடலோர வீடுகளின் ஈரக்காற்றில் அலமாரிக்குள் இருந்தே டேப்பில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும், அதைத் துடைக்காமல் டெக்கில் போட்டால் ஹெட்டும் கெடும், அடுத்து வருகிற கேசட்டுக்கும் ஒட்டும். சுத்தம் செய்து, டிபிசி (ஆடுகிற படத்தை நேராக்குகிற சர்க்யூட்) உள்ள எஸ்-விஎச்எஸ் டெக்கில் ஓட்டினேன், மேலே வளைந்து ஆடிக்கொண்டிருந்த படம் நேராக நின்றது.

சத்தத்துக்குத்தான் கடைசி வரை நேரம் பிடித்தது. விஎச்எஸ்ஸின் 'ஸ்ஸ்' இரைச்சல் ஒரு வெட்டில் சட்டென்று நின்று மினி டிவியின் சுத்தமான ஒலி வந்தால் படத்தின் வித்தியாசத்தைவிட அதுதான் உறுத்துகிறது. இரைச்சலை முழுசாக எடுத்தால் பேச்சு தகர டப்பாவுக்குள் போய்விடும். அதனால் பாதி மட்டும் குறைத்து, மீதியை அடுத்த ஷாட்டுக்கு அடியில் சில வினாடி ஓடவிட்டு மெல்ல இறக்கினேன். கடற்கரை ஷாட்களில் அந்த வேலைகூட வேண்டியிருக்கவில்லை, அலைச் சத்தமே மூன்றையும் மூடிவிட்டது.