டிராகன் ஏஜ் 2: பிடித்தும் பிடிக்காமலும்

2009இல் வெளியான 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' என்ற, பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டை நேசித்தவர்களுக்கு, 2011இல் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட இரண்டாம் பாகம் ஏமாற்றமளித்ததில் எனக்கு வியப்பில்லை. ஆறு வெவ்வேறு பூர்வகதைகளிலிருந்து நம் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போய், ஹாக் என்ற மனிதராக மட்டுமே ஆட முடிந்தது; ஒரே குகையின் வரைபடம், சில கதவுகள் மட்டும் அடைக்கப்பட்டு, வேறு வேறு இடங்களாக மீண்டும் மீண்டும் வந்தது எரிச்சலூட்டியது.

ஆனாலும் இந்தப் பாகத்தை என்னால் வெறுக்க இயலவில்லை. உலகைக் காக்கப் புறப்படும் வீரனின் கதையை விட்டுவிட்டு, போருக்குத் தப்பி கிர்க்வால் நகரில் அகதியாக ஒதுங்கிய ஒரு குடும்பம் பல ஆண்டுகளில் எப்படி உயர்ந்தது, எவரையெல்லாம் இழந்தது என்பதை ஹாக்கின் தோழன் வேரிக்கின் வாய்மொழியாகவே சொன்ன துணிவு, இவ்வகை விளையாட்டுகளில் அரிது. மந்திரவாதிகளுக்கும் அவர்களைக் காவல்காக்கும் டெம்ப்ளர்களுக்கும் இடையிலான பகை முற்றி, நம்முடனேயே நடந்துவந்த மந்திரவாதி ஆண்டர்ஸ் வழிபாட்டுத் தலத்தைத் தகர்க்கும்போது, அவனைத் தண்டிப்பதா மன்னிப்பதா என்ற முடிவை விளையாட்டு நம் கையிலேயே விட்டுவிடுகிறது. அதற்கான விடை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இத்தனை நல்ல எழுத்துக்கு இன்னும் ஓராண்டு உழைப்புக்கான அவகாசம் கிடைத்திருக்கலாமே என்ற ஆதங்கம்தான் மிஞ்சுகிறது.