மாரிக்கு முன்னம் குளோரின் தூள்

சனசமூக நிலையங்கள் ஐப்பசிக்குள்ளேயே, கிணத்துத் தண்ணியிலை கிருமி கொல்லுற குளோரின் தூள் வாங்கி வையுங்கோ. 2008 நிஷா புயல் வெள்ளத்தை மறந்திடாதேங்கோ. எங்கடை யாழ்ப்பாண நிலம் சுண்ணக்கல். மலசலகூடக் குழி அழுக்கு வெடிப்புகளுக்குள்ளாலை கிணத்துக்கு வந்திடும்.

வெள்ளம் வடிஞ்ச பிறகு, 70 வீதம் குளோரின் உள்ள தூள் எண்டால் 1000 லீற்றர் கிணத்துத் தண்ணிக்கு 50 கிராம். 3 மீற்றர் விட்டக் கிணத்திலை 2 மீற்றர் தண்ணி நிண்டால் சுமார் 14,000 லீற்றர், அதுக்கு 700 கிராம். வாளியிலை கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் ஊத்தி 12 மணித்தியாலம் விடுங்கோ. பிறகு மணம் போகுமட்டும் கொஞ்சங்கொஞ்சமாய் இறையுங்கோ. நிலம் ஊறியிருக்கேக்கை ஒரேயடியாய் இறைச்சால் கிணத்துக்கட்டு இடியும், கடற்கரைப் பக்கம் உப்பும் ஏறும். அதுவரைக்கும் குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வையுங்கோ.

தூளை மண்ணெண்ணெய்க்குக் கிட்ட வைக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும்.