கறிக்கடைக் கோழியிலிருந்து ஆன்டிபயோகிராம் வரை: சால்மோனெல்லா பரிசோதனை எங்கே பிசகுகிறது

கடையில் வாங்கிய கோழிக்கறியில் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்த ஆன்டிபயாடிக் அதனிடம் எடுபடும் (இந்தப் பட்டியல்தான் ஆன்டிபயோகிராம்) என்று எழுதிக் கையெழுத்துப் போட ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். கிருமியைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்று லேபுக்குப் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். சால்மோனெல்லாவைக் கண்டறியும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 6579-1 முறையை ஒழுங்காகப் பின்பற்றினால் கிருமி பெரும்பாலும் சிக்கிவிடும். ரிப்போர்ட் கெடுவது அதற்குப் பிறகு, மருந்தூறிய காகித வில்லையை (டிஸ்க்) சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை, அதாவது ஸோனை, ஸ்கேலை வைத்து அளக்கும் இடத்தில்.

நம்மூர்க் கடைகளில் தோலை உரித்தே கொடுப்பதால், ஐரோப்பாவில் எடுப்பதுபோலக் கழுத்துத் தோலைக் கேட்டு வாங்குவது நடக்காத காரியம். தொடையிலும் நெஞ்சிலும் மேற்பரப்பைச் சீவி 25 கிராம் எடுப்போம். உள்சதையைத் தோண்ட வேண்டாம். வெட்டுக்கட்டையும் கத்தியும் பட்ட வெளிப்பக்கத்தில்தான் கிருமி அதிகம். ஐஸ் பெட்டியில் வரலாம், உறைந்து வரக் கூடாது. உறைந்தால் கிருமியில் ஒரு பகுதி செத்து, மீதி குற்றுயிராகக் கிடக்கும். வாங்கிய இடம், நேரம், கோழி அங்கேயே அறுபட்டதா, வேறிடத்திலிருந்து வந்ததா என்பதைக் கடை வாசலிலேயே எழுதிவிட வேண்டும். பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

25 கிராம் கறியை 225 மில்லி பஃபர்டு பெப்டோன் வாட்டரில் (கிருமியைத் தேற்றி வளர்க்கும் சத்துநீர்) அடித்துக் கலக்கி, 37 டிகிரியில் 18 மணி நேரம். பிரிட்ஜிலிருந்து எடுத்த மீடியாவை அப்படியே ஊற்றாதீர்கள்; அது சூடேறவே சில மணி நேரம் வீணாகும். மறுநாள் இதிலிருந்து 0.1 மில்லியை 10 மில்லி ஆர்.வி.எஸ். திரவத்தில் விட்டு 41.5 டிகிரியிலும், 1 மில்லியை 10 மில்லி எம்.கே.டி.டி.என். திரவத்தில் விட்டு 37 டிகிரியிலும் 24 மணி நேரம் வைக்க வேண்டும். இரண்டுமே மற்ற கிருமிகளை அடக்கி, சால்மோனெல்லாவை வளரவிடும் திரவங்கள். இரண்டாவதற்கு அயோடினையும் நோவோபயோசினையும் பயன்படுத்தும் நாளில்தான் சேர்க்க வேண்டும். முதல் வாரமே சேர்த்து வைத்த பாட்டிலில் மற்ற கிருமிகளும் கும்மாளம் போடும்.

அடுத்தது, இரண்டு திரவங்களிலிருந்தும் எடுத்துத் தடவும் எக்ஸ்.எல்.டி. தட்டு; கிருமிகளை நிறத்தால் பிரித்துக் காட்டும் அகார் (கெட்டியான கூழ்) ஊற்றியது. இந்த அகாரை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. கொதி வந்ததும் இறக்கி, 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்ற வேண்டும். சிவந்த தட்டில் நடுவே கறுப்புப் புள்ளியோடு கிடக்கும் காலனிகளைத் தேடுகிறோம். ஆனால் புரோட்டியஸும் கறுப்புப் புள்ளி காட்டும். சால்மோனெல்லாவிலேயே சில கறுக்காமல் இருக்கும். அதனால் டி.எஸ்.ஐ., யூரியா, லைசின் என்ற மூன்று உறுதிப்படுத்தும் சோதனைகளும் கட்டாயம்: டி.எஸ்.ஐ. குழாயில் சரிவு சிவப்பு, அடி மஞ்சள், கூடவே கறுப்பு, யூரியா நெகடிவ், லைசின் பாசிடிவ். சால்மோனெல்லாவோடு கலந்தால் திரிந்து காட்டும் ஆன்டிசீரம் போடுவதற்கு முன்னால் அதே காலனியை வெறும் சலைனில் (உப்புநீரில்) கலந்து பாருங்கள். சலைனிலேயே திரிந்தால் சீரத்தில் திரிவதற்கு அர்த்தமில்லை.

எக்ஸ்.எல்.டி. தட்டிலிருந்து காலனியை எடுத்து நேரே ஆன்டிபயாடிக் பரிசோதனைக்குப் போவதுதான் பலர் செய்யும் குறுக்குவழி. அந்த மீடியாவில் மற்றக் கிருமிகள் அடங்கிக் கிடக்கின்றனவே தவிர சாவதில்லை. அழகாகத் தெரியும் கறுப்புக் காலனிக்கு அடியிலேயே ஒரு ஈ.கோலி (குடலில் வாழும் இன்னொரு கிருமி) ஒளிந்திருந்து, ஆன்டிபயாடிக் பரிசோதனைக்கான முல்லர்-ஹின்டன் தட்டுக்கு வந்ததும் தலைதூக்கும். நியூட்ரியன்ட் அகாரில் ஒருமுறை பிரித்து, ஒரே மாதிரிக் காலனிகள் வந்த பிறகே தொடுவோம்.

முல்லர்-ஹின்டன் தட்டில் அகாரின் உயரம் 4 மி.மீ. 90 மி.மீ. தட்டுக்கு ஏறத்தாழ 25 மில்லி கொள்ளும். சிக்கனம் பார்த்து 18 மில்லி ஊற்றினால் அகார் மெலிந்து ஸோன் விரியும். மருந்து வேலை செய்யாத கிருமிக்கும் ‘சென்சிட்டிவ்’ என்று வரும். கிருமியைச் சலைனில் கலந்த கலங்கலை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலுக்கான அளவுகோல்) அளவுக்குச் சரிசெய்து 15 நிமிடத்துக்குள் தட்டில் தடவ வேண்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க் குப்பியை அறைவெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். முன்னதாகத் திறந்தால் நீர் கோத்து மருந்து வீரியம் இழக்கும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஈ.கோலி ஏ.டி.சி.சி. 25922 என்ற தரச் சோதனைக் கிருமியின் தட்டும் வேண்டும். அதில் 30 மைக்ரோகிராம் செஃபோடாக்ஸிம் டிஸ்க்கைச் சுற்றி 29 முதல் 35 மி.மீ. வராவிட்டால் அன்றைய தட்டு எதையும் படிக்கக் கூடாது.

இனி சிப்ரோஃப்ளாக்ஸசின். 5 மைக்ரோகிராம் டிஸ்க்கைச் சுற்றி 28 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் பளிச்சென்ற, பெரிய வட்டம். ஈ.கோலிக்கான சி.எல்.எஸ்.ஐ. (அமெரிக்க ஆய்வகத் தர அமைப்பு) அட்டவணையில் 26-ம் அதற்கு மேலும் என்றால் சென்சிட்டிவ், அதாவது மருந்து எடுபடும். கை தானாக ‘எஸ்’ போட்டுவிடும். சால்மோனெல்லாவுக்கு வரிசையே தனி: 31-ம் அதற்கு மேலும் எஸ் (சென்சிட்டிவ்), 21 முதல் 30 வரை ஐ (இடைநிலை), 20-ம் அதற்குக் கீழும் ஆர் (எதிர்ப்பு). அந்த 28 இங்கே இடைநிலை. கிருமி ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டது. ரத்தத்தில் கலந்த தொற்றுக்கு இந்த மருந்தைக் கொடுத்தால் தோற்க வாய்ப்புண்டு. பழைய அட்டவணையில் 21 மி.மீ. வந்தாலே எஸ். சுவரில் ஒட்டிய மஞ்சளடித்த அட்டவணையைப் பார்த்து இன்னமும் எழுதும் லேப்கள் உண்டு, அதைக் கிழித்தெறிவதே பாதி வேலை. இந்த எதிர்ப்பைப் பிடிக்க நாலிடிக்ஸிக் ஆசிட் டிஸ்க்கை மட்டும் நம்பினாலும், எதிர்ப்பைத் தரும் க்யூ.என்.ஆர். ஜீன் உள்ளவை நழுவிவிடும். பெஃப்ளாக்ஸசின் 5 மைக்ரோகிராம் டிஸ்க் வைத்தால் பிடிபடும்: 24-ம் அதற்கு மேலும் எஸ், 23-ம் அதற்குக் கீழும் ஆர்.

பண்ணையோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. குடிநீரில் கலந்து கொடுக்கும் என்ரோஃப்ளாக்ஸசினின் ஒரு பகுதி கோழியின் உடம்பில் சிப்ரோஃப்ளாக்ஸசினாகவே மாறுகிறது. கேம்பைலோபாக்டர் கிருமியில் எதிர்ப்பு வளர்ந்ததைக் காரணம் காட்டி அமெரிக்கா 2005-ல் கோழிகளுக்கு அந்த மருந்தை நிறுத்தியது.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு டிஸ்க் வைக்கவே வைக்காதீர்கள். மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது. எதிர்ப்புள்ள கிருமிக்கும் இல்லாததற்கும் ஸோன் ஒன்றுபோலவே தெரியும். சிறு குழிகளில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து ஊற்றிப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் நம்பகமான வழி. கோலிஸ்டின் சல்ஃபேட் வாங்குங்கள். ஊசி மருந்தாக வரும் மீத்தேன்சல்ஃபோனேட் வேண்டாம், அது கரைசலில் மெதுவாகத்தான் கோலிஸ்டினாக மாறும். எம்.ஐ.சி. (கிருமி வளர்வதை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு) மில்லிக்கு 4 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் என்றால் எதிர்ப்பு. கோலிஸ்டின் எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர்-1 ஜீன் உள்ளவை பெரும்பாலும் 4, 8 என்ற எல்லை ஓரத்திலேயே நிற்பதால், ஒரு குழி தவறினாலும் தீர்ப்பு மாறிவிடும். நடுவில் ஒரு குழி மட்டும் தெளிந்திருந்தால் மறுபடி போடுங்கள். இன்னொரு சிக்கல், சால்மோனெல்லாவில் என்டெரிடிடிஸ் போன்ற டி குழு வகைகளுக்கு ஜீன் எதுவும் இல்லாமலே கோலிஸ்டின் எம்.ஐ.சி. சற்றுக் கூடுதலாக இருக்கும். பி.சி.ஆர். பார்க்காமல் ‘எம்.சி.ஆர்.’ என்று எழுதிப் பீதி கிளப்ப வேண்டாம். அந்த ஜீனைச் சீனாவில் கண்டதாக 2015 நவம்பரில் அறிவித்தார்கள். இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினைத் தடை செய்தது.

ஜென்டாமைசினுக்கு ஸோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சால்மோனெல்லா ரிப்போர்ட்டில் ‘எஸ்’ போடக் கூடாது. முதல், இரண்டாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களுக்கும் அப்படித்தான். தட்டில் வேலை செய்யும், நோயாளியிடம் செய்யாது. கண்காணிப்புக்காக மி.மீ. அளவை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட் கைக்குப் போனதும் கடைக்காரரும் வீட்டுக்காரரும் கேட்பது, “அப்போ இதைச் சமைத்தால் கிருமி சாகாதா?” என்பது. சாகும். மருந்துக்கு எதிர்ப்பு வேறு, சூட்டுக்குத் தாங்குவது வேறு. கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும். ஆபத்து கறியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீரிலும், அதே பலகையில் நறுக்கும் வெங்காயத்திலும் இருக்கிறது. நோய் வந்தாலும் திடமான ஆளுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது, நீர்ச்சத்து போதும். கைக்குழந்தை, முதியவர், எதிர்ப்புசக்தி குறைந்தவர் ஆகியோருக்குக் கிருமி ரத்தத்தில் ஏறும்போதுதான் எது எடுபடும் என்ற வரி உயிர்ப் பிரச்சினை.

எனவே ரிப்போர்ட்டில் எஸ், ஐ, ஆர் மட்டும் போடாமல் மி.மீ. அளவையும், எந்த ஆண்டு அட்டவணை என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். கிருமியை 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் இரண்டு குப்பிகளாக வைப்போம்; ஒன்று எடுக்க, ஒன்று தொடாமல் இருக்க. பயன்படுத்திய தட்டுகள் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவில் வெந்த பிறகே குப்பைக்குப் போகும். அந்த வேலையை மட்டும் சாயங்காலம் கிளம்பும் அவசரத்தில் செய்யக் கூடாது.