அண்ணனின் கை வேகம் குறைந்தபோது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது மைனிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வைரஸை அடக்கும் கூட்டு மருந்தை இடையில் அவர் நிறுத்தியிருந்தது பிறகே தெரியவந்தது. விடியுமுன் மரத்துக்கு மரம் விரைந்து வெட்டி முடிப்பவர், கை தளர்ந்து, கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்துப் பதில் சொல்பவராக மாறினார். ஆட்களோ பெயர்களோ அவருக்கு மறக்கவில்லை; ஆகவே மறதிநோய் என்ற எண்ணம் யாருக்கும் எழவில்லை.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர், எச்.ஐ.வி.யே மூளையைப் பாதித்து வரும் அறிவுத்திறன் குறைவா இது என்று பார்க்க, முதலில் நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். பிறகு இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 5 நொடிகள் விரைந்து தட்டவும், அதே கையை முஷ்டியாகவும், கவிழ்த்த உள்ளங்கையாகவும், பக்கவாட்டிலும் மேசைமேல் மாற்றி மாற்றி 10 நொடிகள் வைக்கவும் சொன்னார். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். சொற்களைப் பெரும்பாலும் சொல்லிவிட்ட அண்ணன், கையை மாற்றி மாற்றி வைப்பதில்தான் தடுமாறினார்.

அதற்கு மருத்துவர் தந்த விளக்கம் எனக்குப் புதியது. தொற்றிய சில வாரங்களிலேயே வெள்ளணுக்களுக்குள் இருந்தபடி வைரஸ் மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. நரம்பணுக்களைத் தொற்றாமல், மூளையின் காவலணுக்களான மைக்ரோகிளியாவில் பெருகுகிறது. அவை வெளியிடும் அழற்சிப் பொருள்களும் வைரஸ் புரதங்களும் சேர்ந்து நரம்பணுக்களைச் சிதைக்கின்றன. மூளையின் ஆழ்பகுதிகளும் வெண்பொருளும் பெரிதும் பாதிக்கப்படுவதால், நினைவுக்கு முன்பே வேகமும் கவனமும் ஊக்கமும் குறைகின்றன.

ஆனால் அந்தச் சோதனை மட்டும் நோயை உறுதிசெய்யாது. காசநோய் மூளைக்காய்ச்சல், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி, சிபிலிஸ், தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் இல்லையென்று பார்க்க வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ.க்கு ஒப்புக்கொண்டவர் தண்டுவட நீர் எடுக்க மட்டும் மறுத்தார். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்ற அச்சம் எங்கள் பக்கம் அவ்வளவு வலுவானது. தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்கும் என்று படம் வரைந்து காட்டிய பிறகே சம்மதித்தார்.

இதற்கெனத் தனி மருந்து கிடையாது. வைரஸை அடக்குவதே சிகிச்சை. எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாகக் கிடைக்கும், டோலுடெகிராவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து சேர்ந்த மாத்திரையை மீண்டும் தொடங்கினார். ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரஸ் லோடு) குறையக் குறையப் பேச்சு தெளிந்தது; கையின் வேகம் முழுவதும் திரும்பவில்லை. இப்போது சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து ஊற்றும் வேலையைச் செய்கிறார். மருந்தை மறப்பதும் இந்நோயின் விளைவாகலாம் என்பதால், இரவு உணவு முடிந்ததும் மைனியே மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார்.