அப்பாவுக்குப் பிடிபடாத முகங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்த எங்களுக்கு லேக் கார்டன் பூங்கா என்றால் ஞாயிற்றுக்கிழமை. 2011-ல் அதற்குப் பெர்டானா தாவரவியல் பூங்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யார் வாயிலும் அந்தப் பெயர் இன்னும் நுழையவில்லை. போன வாரம் பசியாறிவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவை ஒட்டியிருக்கும் துகு நெகாராவுக்கு, அதாவது நாட்டுக்காக மாண்ட வீரர்களுக்கான மலேசியத் தேசிய நினைவுச்சின்னத்துக்குப் போனேன். பல வருஷம் ஆகிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் ஒரு கல் தூண். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக வெள்ளைக்காரர்கள் எழுப்பியது. பழைய ரயில் நிலையத்துப் பக்கம் நின்றதை 1964-ல் இங்கே கொண்டுவந்தார்கள். 'உங்க தாத்தா வேலைக்குப் போறப்ப இதைத் தாண்டித்தான் போவாரு' என்றார் அப்பா. தாத்தா ரயில்வேக்காரர்.

அப்புறம் அந்த வெண்கலச் சிலை. சுமார் 15 மீட்டர் உயரம், ஏழு உருவங்கள். உச்சியில் ஒருவர் கொடி பிடிக்கிறார், காயப்பட்டவரை ஒருவர் தாங்குகிறார், காலடியில் வீழ்ந்து கிடக்கிறார்கள் எதிரிகள். எல்லாரும் கொடியைத்தான் படம் எடுக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் என்பதால் கிட்டே போக முடியாது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன்: சப்பாத்து மடிப்பு, சட்டைச் சுருக்கம், புறங்கை நரம்பு வரை செதுக்கியிருக்கிறார்கள். கீழே கிடப்பவனின் விரல்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சின்ன வயதில் அப்பா இங்கே நின்று கேட்டது நினைவிருக்கிறது: 'எந்த ஊரு முகம்டா இது?' மலாய், சீனர், தமிழர் சாயல் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பதில் எனக்கு ரொம்பப் பிந்தித்தான் கிடைத்தது. அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1960-ல் அமெரிக்கா போனபோது, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நாட்டும் சிலையைப் பார்த்து மனம் லயித்துவிட்டார். அதைச் செய்த பெலிக்ஸ் டி வெல்டனிடமே நம்முடையதையும் ஒப்படைத்தார். அவர் வியன்னாவில் பிறந்தவர். வார்ப்பு இத்தாலியில், அடிப்பீடக் கல் ஸ்வீடனிலிருந்து. 1966-ல் திறந்தார்கள். 1975-ல் குண்டு வைத்துச் சேதப்படுத்தியதும், 1977-ல் சீராக்கித் திரும்பத் திறந்ததும் அப்பாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேலைப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் அப்பா கேட்டது நியாயமான கேள்விதான்.

கீழே ஆசியான் சிற்பத் தோட்டம். பெரும்பாலும் ஆளே இருக்காது. இங்கே முகங்களே இல்லை. வளைவு, துளை, அடுக்கு, அவ்வளவுதான். அப்பா ஒரு சிற்பத்தைச் சுற்றி வந்து, உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். 'இது என்னன்னு தெரியலைப்பா. ஆனா நல்லாருக்கு.'

மழை பிடித்துக்கொண்டது. குடை காரிலேயே இருக்கிறது என்றேன். கிராப் வாடகைக் காரில் வந்தது அப்புறம்தான் உறைத்தது.