இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு வல்கன்: நேரத்தை எங்கே செலவழிப்பது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ கிளிநொச்சியிலோ படித்துக்கொண்டு இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு முப்பரிமாண வரைகலையை எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். ஓப்பன்ஜிஎல், வல்கன் இரண்டும் நிரலிலிருந்து கிராபிக்ஸ் சிப்பை (ஜிபியு) இயக்கும் இடைமுகங்கள். ஓப்பன்ஜிஎல்லில் ஒரு பின்னேரத்தில் திரைக்கு வந்துவிடும் முக்கோணம், வல்கனில் ஏறத்தாழ ஆயிரம் வரி நிரல் கேட்கும். அந்த வரிகளைப் பாடமாக்கப் போனால் பாதி செமஸ்டர் போய்விடும். ஸ்ட்ரக்சர்களை (அமைப்புகளைக் கொடுக்கும் தரவுத் தொகுப்புகளை) எப்போதும் பார்த்து நிரப்பலாம். பார்த்து எழுத முடியாதது, எந்த வேலை எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற ஒத்திசைவுதான். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கிண்டிக் கேட்கத் தகுந்ததும் அதுவே.

1992இல் வந்த ஓப்பன்ஜிஎல்லில், நினைவகம் ஒதுக்குவது, காத்திருப்பது, பிழை பார்ப்பது எல்லாம் டிரைவரின் (ஜிபியுவை இயக்கும் மென்பொருளின்) தலையில் இருந்தன. ஏஎம்டியின் மான்டில் என்ற இடைமுகத்திலிருந்து வளர்ந்து, 2016 பெப்ரவரியில் குரோனோஸ் என்ற தரநிலைக் கூட்டமைப்பு வெளியிட்ட வல்கன், அந்தப் பொறுப்பை எழுதுபவரிடமே கொடுத்துவிட்டது. பிழையாகக் கூப்பிட்டாலும் டிரைவர் வாயே திறக்காது. ஆகவே முதல் நாளிலேயே பிழைகளைப் பிடித்துச் சொல்லும் வலிடேஷன் லேயரை இயக்குங்கள். அதற்குள் ஒத்திசைவைச் சோதிக்கும் பகுதி இயல்பாக அணைந்திருக்கும். வல்கன் கன்ஃபிகரேட்டரில் அதைத் தனியாகப் போடவேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

கணினியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப்பே போதும். விண்டோஸில் இன்டெல் என்றால் 6ஆம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருப்பது நல்லது. அதைவிடப் பழையது என்றால் உபுண்டு போட்டு, மீசா என்ற திறந்த மூலத் தொகுப்பின் லாவாபைப் டிரைவரில் முழுவதையும் சிபியுவிலேயே ஓட்டலாம். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். வல்கன் எஸ்டிகே (நிரல் எழுதத் தேவையான கருவித்தொகுப்பு) பல நூறு எம்பி வரும். வகுப்பில் ஒருவர் இறக்கி, பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுத்தால் டேட்டா மிஞ்சும். நிறுவியதும் அதோடு வரும் வல்கன்இன்ஃபோவை ஓடவிட்டு, உங்கள் டிரைவர் வல்கன் 1.3ஐ ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஆதரித்தால் டைனமிக் ரெண்டரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்தில் எப்படி வரைவது என்று முன்கூட்டியே அறிவிக்கும் ரெண்டர் பாஸ், ஃப்ரேம்பஃபர் என்ற இரண்டு தலையிடியும் அதோடு போய்விடும். பழைய பாடங்கள் அவற்றிலிருந்தே தொடங்குவதால், அவை இல்லாமல் முடியாது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது.

முதல் இலக்காக முக்கோணத்தை வைக்காதீர்கள். சாளரம் முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவது போதும். ஸ்வாப்செயின் (திரைக்கு மாறி மாறிப் போகும் படங்களின் தொகுதி), கமாண்ட் பஃபர் (ஜிபியுவுக்கான கட்டளைப் பட்டியல்), ஃபென்ஸ் (ஜிபியு வேலை முடிந்ததைச் சிபியுவுக்குச் சொல்வது), செமஃபோர் (ஜிபியு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்க உதவுவது) எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்; ஷேடரும் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) பைப்லைனும் (வரையும் கட்டங்களின் வரிசை) குறுக்கே வரா. இந்தக் கட்டத்தில் ஆறுதலாக நில்லுங்கள்.

இங்கே நடக்கும் பிழைகள் அநேகமாக ஒரே மாதிரியானவை. ஒவ்வொரு ஃப்ரேமும் (ஒரு முறை வரையும் படம்) முந்தைய வேலையின் ஃபென்ஸுக்காகக் காத்திருந்தே தொடங்கும். ஃபென்ஸை சிக்னல் ஆன (வேலை முடிந்தது என்று காட்டும்) நிலையில் உருவாக்காவிட்டால், முதல் ஃப்ரேமிலேயே நிரல் முடிவில்லாமல் காத்திருக்கும். சாளரம் வெறுமையாக உறைந்து நிற்கும். அடுத்தது, ஃபென்ஸை ரீசெட் செய்தபின் ஸ்வாப்செயினிடம் படம் கேட்பது. சாளரத்தின் அளவு மாறியிருந்தால் ஸ்வாப்செயின் காலாவதி என்று பதில் வரும், நீங்கள் பாதியில் திரும்பிவிடுவீர்கள், ஃபென்ஸை சிக்னல் செய்ய எந்த வேலையும் போயிராது. அடுத்த சுற்றில் முடக்கம். படம் கிடைத்தது உறுதியான பிறகே ரீசெட் செய்யவேண்டும்.

செமஃபோர் எத்தனை வேண்டும் என்பதில் பழைய மாதிரி நிரல்களே வழிதவற வைக்கின்றன. ஒரே நேரத்தில் 2 ஃப்ரேம், ஸ்வாப்செயினில் 3 படம் என்று வைத்துக்கொள்வோம். படம் கிடைத்ததைச் சொல்லும் செமஃபோர் ஃப்ரேமுக்கு ஒன்றாக 2. வரைந்து முடிந்ததைச் சொல்வது படத்துக்கு ஒன்றாக 3. ஏனென்றால் ஃபென்ஸ் சொல்வது ஜிபியுவுக்கு அனுப்பிய வேலை முடிந்ததை மட்டும். திரைக்கு அனுப்பும் பகுதி அந்த செமஃபோரை விட்டுவிட்டதா என்று அது சொல்லாது. அதே படம் மீண்டும் கையில் கிடைத்தால்தான் அது நிச்சயம். இரண்டையும் ஃப்ரேமுக்கு ஒன்றாக வைத்தால் புதிய வலிடேஷன் லேயர் முறையிடும். அது முறையிடுவது சரிதான்.

“என் லப்டொப்பில் ஓடுகிறதே” என்பதை நம்பவேண்டாம். லாவாபைப்பில் பேரியர் (ஒரு வேலை முடியும்வரை அடுத்ததை நிறுத்தும் கட்டளை) விடுபட்டாலும் பெரும்பாலும் படம் சரியாகவே வரும். இன்டெல் உள்ளமை ஜிபியுவில் எல்லா நினைவகமும் சிபியுவுக்கும் எட்டுவதால், ஸ்டேஜிங் பஃபர் (தரவை ஜிபியு நினைவகத்துக்குக் கொண்டுபோகும் இடைத்தங்கல்) இல்லாமல் எழுதியதும் வேலை செய்துவிடும். என்விடியா, இமேஜ் லேஅவுட் (படம் நினைவகத்தில் அடுக்கப்படும் முறை) பிழைகளைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அதே நிரல் ஏஎம்டியில் சிதைந்த படத்தைக் காட்டலாம். குறைந்தது இரண்டு வகைக் கணினியிலாவது ஓட்டிப் பாருங்கள்.

முக்கோணத்துக்குப் பிறகு வெர்டெக்ஸ் பஃபர் (முனைப்புள்ளிகள்), யூனிஃபார்ம் (ஷேடருக்குக் கொடுக்கும் மதிப்புகள்), டெப்த் (ஆழம்), டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) என்று போகலாம். யூனிஃபார்மில் ஒளியின் இடத்தையும் நிறத்தையும் அடுத்தடுத்து இரண்டு வெக்3 (மும்மூன்று எண்கள்) ஆக வைத்தால், சி++ இரண்டாவதை 12ஆவது பைட்டில் வைக்கும். ஷேடர் தரவை அடுக்கும் எஸ்டிடி140 விதியோ 16ஆவதில் எதிர்பார்க்கும். நிறம் மாறிப்போவதற்கு ஷேடரைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டையும் வெக்4 ஆக்கினால் சரி. ஓப்பன்ஜிஎல்லுக்கு எழுதிய புரொஜெக்‌ஷன் அணியைக் (முப்பரிமாணக் காட்சியைத் திரைக்குத் தட்டையாக்கும் எண் அட்டவணையை) கொண்டுவந்தால் படம் தலைகீழாக வரும், ஆழமும் பிழைக்கும்: வல்கனில் ஒய் அச்சு கீழ்நோக்கியது, ஆழம் 0 முதல் 1 வரை. ஒய்யைப் புரட்டியதும் முக்கோணங்கள் மறைந்தால், முன்பக்கம் எது என்ற அமைப்பையும் மாற்றுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக நினைவகம் ஒதுக்கவும் கூடாது. எல்லா டிரைவரும் உறுதியளிக்கும் ஒதுக்கீடுகள் 4096 மட்டுமே. நினைவகத்தைப் பெரிய துண்டுகளாக எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் விஎம்ஏ நூலகத்தைப் பயன்படுத்தினால் அந்தக் கவலை இல்லை.

வைவாவுக்கு, ரெண்டர்டாக் என்ற ஆய்வுக் கருவியில் ஒரு ஃப்ரேமைப் பிடித்து, ஒவ்வொரு பேரியரையும் காட்டி “இதை எடுத்தால் என்ன நடக்கும்” என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்டம் எதற்காகக் காத்திருக்கிறது, எந்த எழுத்து எந்த வாசிப்புக்குத் தெரியவேண்டும் என்ற இரண்டையும் சொல்லவேண்டும். “டுடோரியலில் இருந்தது” என்பது பதிலாகாது. எல்லாக் கட்டங்களையும் காத்திருக்கச் சொல்லும் பேரியர் பிழையல்ல, வேகம்தான் குறையும். தெரிந்தே வைத்ததாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

செயல்விளக்கம் வேறு கணினியில் என்றால் ஷேடர்களைத் தொகுத்து வரும் ஸ்பிர்-வி கோப்புகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சாளரத்தைச் சிறிதாக்கி மறைத்தும் பாருங்கள். விண்டோஸில் அப்போது அதன் அளவு 0க்கு 0 ஆகும், அந்த அளவில் ஸ்வாப்செயினை உருவாக்க முடியாது. சாளரம் திரும்பி வரும்வரை நிரல் காத்திருக்கவேண்டும்.