ஆர்ட்டிகிள் எண்ணும் நாட்கள்

ஜூன் 3

தமிழ் மாணவர்கள் ஆங்கிலக் கட்டுரையில் ‘எ’, ‘தி’ என்ற ஆர்ட்டிகிள்களை எங்கே விடுகிறார்கள் என்பதுதான் என் பிஎச்.டி. ஆய்வு. அவர்களின் கட்டுரைத் தாள்களைத் தட்டச்சு செய்யும் முன் வேர்டில் ஆட்டோகரெக்ட் முழுவதையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் மாணவன் சின்ன எழுத்தில் போட்ட ‘ஐ’ பெரிதாகிவிடும். ‘தி’யின் மூன்று எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தால் அதுவும் சத்தமில்லாமல் நேராகிவிடும். ஆர்ட்டிகிளை எண்ணும் ஆய்வில் இதைவிட மோசமான உதவி வேறில்லை. பிறகு எது மாணவன் எழுதியது, எது மென்பொருள் திருத்தியது என்று பிரிக்கவே முடியாது. நோட்பேடில் அடிப்பதே நிம்மதி, புதிய பதிப்பானால் அங்கேயும் ஆட்டோகரெக்டை அணைத்துவிட்டு. சேமிக்கும்போது யூடிஎஃப்-8. வளைந்த மேற்கோள் குறி கூடாது.

கோப்பின் பெயர் பள்ளி எண், வகுப்பு, மாணவர் எண், தலைப்பு எண்: 2-11-07-3 என்பது போல. மாணவர் பெயர் கோப்பின் உள்ளேயும் வரக் கூடாது. எந்த எண் யார் என்ற பட்டியல் தனி நோட்டில், பூட்டிய அலமாரியில். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவமும் அதே அலமாரியில்தான்.

ஜூன் 4

ஆய்வேடு மற்ற எழுத்துகளோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்லும் சிமிலாரிட்டி ரிப்போர்ட் நூலகத்திலிருந்து வரவில்லை.

ஜூன் 6

இன்று பார்த்த தாள்களில் ஒன்று. ‘வில்லேஜ்’ என்ற சொல்லுக்கு முன் ‘தி’ எழுதி அடித்திருக்கிறது. மேலே கூரை போலக் குறி போட்டு ‘எ’. அதையும் அடித்து, ஓரத்தில் மறுபடி ‘தி’. பேனா அழுத்தியதில் தாள் பின்பக்கம் புடைத்திருக்கிறது. சுத்தமான பிரதியில் இது ‘சரி’ என்று ஒரே எண்ணாகப் போய்விடும்.

தட்டச்சில் கடைசியாக நின்ற வடிவம் வரிக்குள், மாணவன் அடித்து நீக்கியவை எல்லாம் கோண அடைப்புக்குள் குறிச்சொல்லாக. சொற்களைத் தேடி எண்ணும் மென்பொருளான ஆண்ட்கான்க்கில் குறிச்சொற்களை மறைக்கும் அமைப்பை முதலிலேயே போட்டுவிட வேண்டும். மறந்தால் குறிச்சொல்லும் வார்த்தைக் கணக்கில் சேர்ந்து மொத்தம் வீங்கும், நூறு வார்த்தைக்கு எத்தனை பிழை என்ற விகிதம் இறங்கும். படிக்க முடியாத எழுத்துக்குத் தனிக் குறி, ஊகித்து நிரப்புவதில்லை.

ஜூன் 7

பெயர்த்தொடர்கள் அத்தனைக்கும் கட்டம் போடும் வேலை. ‘ஆர்ட்டிகிள் பிழை’ என்று மொத்தமாக எண்ணினால் ஒன்றும் தெரியாது. மொழியியலாளர் பிக்கர்ட்டன் வகுத்து, ஹூப்னர் 1983-ல் கற்பவர் மொழிக்குப் பொருத்திய இரண்டு கேள்விகள்தான் கைகொடுக்கின்றன. எழுதுகிறவர் குறிப்பிட்ட ஒன்றைச் சொல்கிறாரா? எதைச் சொல்கிறார் என்று படிக்கிறவருக்குத் தெரியுமா? ஆம், இல்லை போட்டால் நான்கு வகை. இனத்தையே பொதுவாகச் சொன்னால் வகை 1. இரண்டுக்கும் ஆம் என்றால் வகை 2, ‘தி’ வர வேண்டிய இடம். குறிப்பிட்ட ஒன்றுதான், ஆனால் படிக்கிறவருக்குப் புதிது என்றால் வகை 3. இரண்டும் இல்லை என்றால் வகை 4. ‘பை பஸ்’, ‘கோ டு ஸ்கூல்’ போன்ற உறைந்த தொடர்களை இதில் கலக்காமல் தனியாக ஒதுக்கியாகிவிட்டது.

‘ஐ சா டாக்’ வகை 3. அடுத்த வாக்கியத்தில் ‘டாக் பார்க்டு’ வகை 2. ‘மை ஃபாதர் இஸ் ஃபார்மர்’ வகை 4. மூன்றிலும் ஆர்ட்டிகிள் விடுபட்டிருக்கிறது, ஆனால் விடுபட்ட காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ‘ஒரு நாயைப் பார்த்தேன்’ என்பது நமக்கு இயல்பு, எனவே வகை 3-க்குத் தமிழில் ஒரு பிடி இருக்கிறது. ‘அப்பா விவசாயி’ என்றால் போதும், நடுவில் எதுவும் வேண்டாம். வகை 4-க்குப் பிடியே இல்லை. வகை 2 சிக்கலானது. ‘புத்தகம் படித்தான்’, ‘புத்தகத்தைப் படித்தான்’ என்று செயப்படுபொருளில் வேற்றுமை உருபு வைத்தே தெரிந்த பொருளைப் பிரித்துக் காட்டிவிடுகிறோம். எழுவாயில் அந்த வசதி கிடையாது.

ஆகவே வகை 2-க்கு மட்டும் அட்டவணையில் கூடுதலாக ஒரு பத்தி: எழுவாயா, செயப்படுபொருளா? எழுவாய் இடத்தில் ‘தி’ அதிகம் விடுபட்டால் தமிழின் பங்கைப் பற்றிப் பேச இடம் உண்டு. இரண்டிலும் ஒரே அளவு என்றால் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டியதுதான். தமிழ்நாட்டில் இந்தத் துறையில் வரும் ஆய்வேடுகள் பல ‘தாய்மொழித் தாக்கம்’ என்ற இரண்டு சொல்லோடு விளக்கத்தை முடித்துவிடுகின்றன. எந்தத் தாக்கம், எந்த இடத்தில், எதை எதோடு ஒப்பிட்டு என்று கேட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அமைதி.

ஜூன் 10

சதவீதக் கணக்கு தூக்கத்தைக் கெடுக்கிறது.

வழக்கமான கணக்கு எளிது. ஆர்ட்டிகிள் கட்டாயம் வர வேண்டிய இடங்கள் 40 என்று வைத்துக்கொள்வோம். அதில் 36 இடத்தில் சரியாகப் போட்டிருந்தால் 90 சதவீதம். ரோஜர் பிரவுன் 1973-ல் குழந்தை மொழிக்கு வைத்த எல்லைக்கோடு அதே 90. ஆக, ‘கற்றுக்கொண்டுவிட்டான்’ என்று எழுதிவிடலாம். ஆனால் அதே மாணவன் தேவையில்லாத 20 இடத்திலும் ‘தி’ போட்டிருக்கிறான்: ‘தி இந்தியா’, ‘தி மை ஸ்கூல்’. கண்ட இடத்திலெல்லாம் ‘தி’ போடுகிறவனுக்கு இந்தக் கணக்கு முழு மதிப்பெண் தரும்.

தெரசா பைக்கா 1983-ல் சொன்ன வழியில் தேவையில்லாமல் போட்டதையும் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், சேர்க்க வேண்டும். 36-ஐ 60-ஆல் வகுத்தால் 60 சதவீதம். ஒரே தாள், ஒரே மாணவன். 90-ம் உண்மை, 60-ம் உண்மை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் அட்டவணையில் கொடுப்பதைத் தவிர நேர்மையான வழி தெரியவில்லை. நெறியாளர் மேடத்திடம் சொன்னால் அட்டவணை நீளம் என்பார்கள். நீளட்டும்.

ஜூன் 11

மூன்றாம் இயலில் பகுதி எது என்று சொல்லாத சதவீதம் இன்னும் எத்தனை கிடக்கிறதோ.

ஜூன் 14

அதே தாள்களைத் தனியாகப் பார்த்துப் பிழை குறிக்கும் அக்காவின் குறியீட்டுத் தாள் வந்தது. இரண்டாவது குறியீட்டாளர் என்றால் பல இடங்களில் கடைசியில் கையெழுத்து வாங்கும் சடங்கு. அக்கா அப்படி இல்லை, ஓரமெல்லாம் கேள்வி.

“‘ஃபார்மர் ஆர் புவர்’னு எழுதியிருக்கான். இதை ஏன் ஆர்ட்டிகிள் பிழையில் போட்டே?”

“‘தி’ விட்டுப்போச்சுன்னு எடுத்துக்கிட்டேங்க்கா.”

“வினை ‘ஆர்’. அவன் மனசுல பன்மை. விட்டுப்போனது ‘எஸ்’.”

அக்கா சொல்வது குறியீட்டுக் கையேட்டில் விதியாக ஏற வேண்டியது: வாக்கியத்தின் மற்ற பகுதியை மாற்றாமல் எந்தச் சின்னத் திருத்தம் அதைச் சரியாக்குமோ, அதுவே பிழையின் பெயர். இது ஒருமை பன்மைப் பிழை, ஆர்ட்டிகிள் கணக்கின் பகுதியிலிருந்தே வெளியே. ‘டீச்சர் டோல்ட்’ இன்னொரு தகராறு. அந்தப் பள்ளியை அறிந்தவருக்கு அது ‘அந்த’ டீச்சர், அறியாதவருக்கு யாரோ ஒரு டீச்சர். கேள்வித்தாளும் அதற்கு முன் வந்த வரிகளும் மட்டுமே ஆதாரம் என்று விதி வைத்தாயிற்று.

ஒத்துப்போன அளவு வெறும் சதவீதமாக இருந்தால் போதாது, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் கோஹனின் கப்பா வேண்டும். 200 இடம் என்று வைத்தால்: இருவரும் பிழை என்றது 60, இருவரும் சரி என்றது 110, நான் மட்டும் பிழை என்றது 20, அக்கா மட்டும் 10. ஒத்தது 0.85. தற்செயலாகவே ஒத்துப்போகக்கூடியது 0.4 × 0.35 + 0.6 × 0.65 = 0.53. கப்பா 0.32-ஐ 0.47-ஆல் வகுத்தது, 0.68. லாண்டிஸ், கோக் இருவரும் 1977-ல் போட்ட அளவுகோலில் ‘கணிசம்’. மூச்சு விடலாம்.

வகை 4-ல் மட்டும் வேறு கதை நடக்கும். கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அது. 100 இடத்தில் இருவரும் பிழை என்றது 90, இருவரும் சரி என்றது 2, ஆளுக்கு நான்கு மாறுபாடு என்றால் ஒத்தது 92 சதவீதம், கப்பாவோ 0.29. யாரும் கவனமில்லாமல் குறிக்கவில்லை. ஒரே பக்கம் குவிந்த தரவில் தற்செயல் ஒப்புமை ஏறிவிடுவதால் கப்பா சரிகிறது. நான்கு கட்ட அட்டவணையை அப்படியே பின்னிணைப்பில் வைத்தால் தேர்வாளர் தானே பார்த்துக்கொள்வார். கப்பாவை மட்டும் வைத்தால் அந்த ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டு அரை மணி நேரம் போகும்.

ஜூன் 17

சிமிலாரிட்டி ரிப்போர்ட் வந்தது. பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

ஜூன் 18

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 கருத்துத்திருட்டு விதிகளின்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் குற்றமில்லை. அதற்கு மேல் 40 வரை முதல் நிலை: ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். ஆய்வை முடிக்க வேண்டிய ஆறு ஆண்டு வரம்பு நெருங்கும்போது ஆறு மாதம் என்ற சொல்லே வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் எதை எதால் வகுத்த எண் இது? முறையாக மேற்கோள் காட்டியவை, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை இவை கணக்கில் வரக் கூடாது. பொதுவான சொற்கோவை 14 வார்த்தை வரை தொடர்ந்து வந்தாலும் விலக்கு உண்டு. மென்பொருளில் இந்த விலக்குகளை ஆள்தான் போட வேண்டும், தானாக விழாது. துணைநூற்பட்டியலை அது பெரும்பாலும் தலைப்பைப் பார்த்தே அடையாளம் காண்கிறது. தலைப்பு வேறு பாணியில் இருந்தால் பட்டியல் முழுவதும் ‘ஒத்தது’ என்று சிவந்துவிடலாம். தனிப் பத்தியாக உள்தள்ளிக் கொடுத்த நீண்ட மேற்கோளுக்கு மேற்கோள் குறி இராது என்பதால் அதுவும் மாட்டிக்கொள்ளலாம். சொந்தமாக வெளியிட்ட கட்டுரை இருந்தால் அதுதான் பட்டியலில் முதல் இடம். அதற்கு நெறியாளர் கடிதம் வைப்பது வழக்கம்.

சிவப்பின் பெரும்பகுதி பின்னிணைப்பு 3. அது மாணவர் கட்டுரைகள்!

ஜூன் 19

மாணவர் கட்டுரை இணையத்தோடு ஏன் ஒத்துப்போகிறது? மனப்பாடம். ‘மரங்களின் பயன்’ என்ற தலைப்பு விற்பனை நோட்ஸ்களில் எல்லாம் இருக்கிறது, அதே பத்திகள் இணையத்திலும் கிடக்கின்றன. அந்தப் பத்திகளில் ஆர்ட்டிகிள் ஒவ்வொன்றும் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்று வரி கழித்து மாணவன் சொந்தமாக எழுதத் தொடங்கும் இடத்தில் ‘தி’ காணாமல் போகும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் நோட்ஸ் எழுதியவரின் இலக்கணத்தையும் மாணவன் கணக்கில் வரவு வைத்தது போல் ஆகும்.

ஒளிரும் சிவப்பைத் திட்டிக்கொண்டிருக்காமல் சல்லடையாகப் பயன்படுத்தலாம். சிவந்த பகுதிகளை ஒரு பட்டியல். மென்பொருளுக்குத் தெரியாத உள்ளூர் நோட்ஸுக்கு திரும்பத் திரும்ப வரும் சொற்கோவைகளைத் தேடும் ஆண்ட்கான்க்கின் என்-கிராம் கருவி: நீளம் 6 வார்த்தை, குறைந்தது 2 கோப்புகளில் வர வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு பேர் ஒரே ஆறு வார்த்தையை எழுதியிருந்தால் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம். எல்லாமே மனப்பாடம் இல்லை. கேள்வியிலிருந்து எடுத்த தொடரும் இப்படி வரும். எனவே கேள்வித்தாள் வாசகத்தையும் ஒரு கோப்பாக உள்ளே போட்டு, அதோடு ஒத்தவற்றை முதலில் கழிக்க வேண்டும். மிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்க முடியும்.

தலைப்பையே மாற்றியிருந்தால் பாதித் தலைவலி குறைந்திருக்கும். நான்கு படத்தை வரிசையாகக் காட்டிக் கதை எழுதச் சொன்ன தாள்களில் இந்த நோய் அனேகமாக இல்லை. நோட்ஸில் இல்லாத படத்துக்கு மனப்பாடம் எங்கிருந்து வரும்?

ஜூன் 20

பின்னிணைப்பு 3-ஐ நீக்கி ரிப்போர்ட் மறுபடி எடுக்க விண்ணப்பம் கொடுத்தாயிற்று. எதை நீக்கியது, ஏன் என்று தனித்தாளும் இணைப்பு.

ஜூன் 22

ஷாக்டர் 1974. சீன, ஜப்பானிய மாணவர்கள் ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் கிளாஸில் (‘ஹூ’, ‘விச்’ போட்டுத் தொடங்கும் துணை வாக்கியத்தில்) குறைவாகப் பிழை செய்தார்கள், ஏனென்றால் அதைக் குறைவாகத்தான் எழுதினார்கள். என் தாள்களில் பிழை குறைந்த கட்டுரைகள் பல மிகச் சின்னவை. ‘மை நேம் இஸ்’, ‘மை ஸ்கூல்’, ‘மை வில்லேஜ்’ என்று ‘மை’யைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள், ‘மை’ இருந்தால் ஆர்ட்டிகிள் வேண்டாமே. கெட்டிக்காரத்தனம். ‘மை’ எத்தனை முறை என்று அட்டவணையில் ஒரு பத்தி சேர்க்காமல் ‘பிழை குறைவு’ என்று எழுதவே கூடாது.

ஜூன் 24

மேற்கோள் காட்டும் முறை: எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) ஒன்பதாம் பதிப்பு. ஆய்வு முழுக்க அட்டவணை, ஆனால் துறை கேட்பது எம்எல்ஏ. உரைக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் மட்டும், ஆண்டு இல்லை. 1983 முதலா, 1974 முதலா என்பதுதான் இந்தத் துறையில் வாதமே. ஆண்டை வாக்கியத்துக்குள் நாமே நுழைக்க வேண்டியிருக்கிறது. நாவலுக்குத் தைத்த சட்டை.

நூல் விவரங்களைச் சேமிக்கும் மென்பொருளான சோட்டிரோவில் தலைப்புகளை வாக்கிய முறையில், முதல் எழுத்து மட்டும் பெரிதாக வைத்துச் சேமித்தால் எம்எல்ஏவுக்கு அதுவே பெரிய எழுத்துகளாக மாற்றிக்கொள்ளும். எல்லாம் பெரிய எழுத்தில் சேமித்துவிட்டு நாளை ஏபிஏ என்ற வேறு மேற்கோள் முறையைக் கேட்கும் இதழுக்கு அனுப்பினால் ஒவ்வொன்றாகக் கையால் இறக்க வேண்டும், ஏனென்றால் ‘தமிழ்’ சிறப்புப் பெயர் என்று அதற்குத் தெரியாது.

ஜூன் 25

ஒன்றும் ஓடவில்லை. துணைநூற்பட்டியலில் இரண்டு கமா திருத்தம்.

ஜூன் 28

விதியே தெரியாத பிழையா, தெரிந்தும் கை தவறிய தவறலா? கார்டர் 1967-ல் பிரித்தது சரி, ஆனால் தாளை மட்டும் பார்த்து எப்படிப் பிரிப்பது? ஒரே கட்டுரையில், ஒரே வகை இடத்தில், ஒரு தடவை சரியாகவும் ஒரு தடவை விட்டும் எழுதியிருந்தால் ‘ஊசலாட்டம்’ என்று தனிக் குறியீடு. எல்லாத் தடவையும் விட்டிருந்தால்தான் பிழை. ஒரே ஒரு தடவைதான் அந்த இடம் வந்திருக்கிறது என்றால் எதுவும் சொல்ல முடியாது, அதற்கும் ஒரு குறியீடு. பலர் கடைசி வகையைப் பிழையில் சேர்த்துவிடுவார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட்: பத்துக்குள்.

ஜூலை 1

‘ஐ சா ஒன் ஓல்டு மேன்.’ எண்ணா, ஆர்ட்டிகிளா? ‘எ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒன்’. விடுபட்டது என்று போட்டால் பொய், ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறானே. சரி என்று போட்டாலும் பொய். இப்போதைக்கு ‘மாற்றுச் சொல்’ என்று மூன்றாவது குறியீடு: பகுதியில் சேரும், மேலே சேராது. வகை 3-ல் இது எத்தனை, வகை 4-ல் எத்தனை என்று பிரித்தால் ஜூன் 7-ஆம் தேதி எழுதியது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். அக்காவிடம் கேட்காமல் கையேட்டில் ஏற்றக் கூடாது. அதற்குள் 2-11 கோப்புகளில் ‘ஒன்’ வரும் இடங்களை மட்டும் கான்கார்டன்ஸ் எடுத்து, ‘ஒன் டே’ என்று தொடங்குபவற்றைக் கழித்துவிட வேண்டும்.